சாவு வீட்டுக் காட்சி

நிஹால் இறந்து நாலு மாதமாகியும் முகேஷ்குமார் அழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அவன் அம்மா பொன்னழகு மட்டும்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"ஒரு பாட்டம் அழுதுர்றா அப்பு. உள்ளயே வச்சிருந்தா கட்டியாப் போயிரும்."

அவன் "ம்" என்பான். தட்டில் இருந்த சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எழுந்துகொள்வான். சோறு இறங்கியது. படுத்தால் தூக்கமும் வந்தது. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே சிநேகிதன் செத்துப்போனவனுக்குப் பசிக்கக் கூடாது, தூக்கம் பிடிக்கக் கூடாது என்று அவன் நினைத்திருந்தான். அவனுக்கு இரண்டும் முன்னைவிட நன்றாகவே இருந்தன.

இருவரும் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. முகேஷ் குஜிலியம்பாறையைத் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து ஏழேகால் பஸ்ஸில் வருவான். அப்பா வேலுசாமிக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஆடு. நிஹாலுக்கு வீடு பேகம்பூரில். அவன் அத்தா சேக் பரீது தோல் மண்டியில் தோல்களைத் தரம் பிரிக்கிறவர். முதல் நாள் வகுப்பில் பொழுதுபோக்கு என்ன என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டபோது நிஹால், "படம் பாக்குறது" என்றான். அதெல்லாம் பொழுதுபோக்கில் சேராது என்று துறைத்தலைவர் அறிவுச்செல்வி சொன்னார். அடுத்து எழுந்த முகேஷுக்குப் புத்தகம் வாசிப்பது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வாய், "படம் பாக்குறது மேடம்" என்றது. வகுப்பு சிரித்தது. நிஹால் திரும்பிப் பார்த்தான். அன்று மதியமே இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தியேட்டரில் இருந்தார்கள்.

நிஹால் எந்தப் படத்தையும் நல்ல படம், மோசமான படம் என்று சொல்லமாட்டான். எந்த மனநிலைக்கு எந்தப் படம் என்பதுதான் அவன் கணக்கு. "இது திங்கக்கெழம காலைல பாக்குற படம்டா. வெள்ளிக்கெழம பாத்தா கடுப்பாகும்" என்பான். வீட்டில் திட்டு வாங்கிய அன்றைக்கு ஒரு வகை, சும்மாவே மனசு லேசாக இருக்கிற அன்றைக்கு ஒரு வகை. ஒன்றுமே தோன்றாத நாளுக்கும் ஒரு வகை வைத்திருந்தான். சண்டைப் படம். "மூளைக்குள்ள நமக்குப் பதிலா அவெங்ய சத்தம் போடுவாங்ய" என்பது அவன் விளக்கம்.

முகேஷ் அப்படி யோசிக்கிறவன் இல்லை. அவன் அழுகிறவன். கதாநாயகனின் மாட்டை விற்றால் அழுவான். பஸ்ஸைத் தவறவிட்டவள் ரோட்டில் நின்றால் அழுவான். ஒருமுறை சிரிப்பு நடிகரைப் பெண்டாட்டி துடைப்பத்தால் அடித்தபோதுகூட அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதிரி இடங்களில் நிஹால் திரையை விட்டுவிட்டு இவனைத்தான் பார்ப்பான்.

"படத்தவிட ஓம் மூஞ்சிதான்டா நல்லாருக்கு."

ஐப்பசி மழையில் நிஹாலுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள், "வெள்ளிக்கிழமை படத்துக்கு வந்துருவேன், டிக்கெட் போட்டு வையி" என்று செய்தி அனுப்பினான். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் காலை, முகேஷ் பஸ்ஸுக்காகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் நிஹாலின் பெயர்.

"என்னடா, எந்திரிச்சிட்டியா?" என்றான்.

மறுமுனையில் பேசியது நிஹாலின் தங்கை ருக்ஸார். பிளஸ் டூ படிக்கிறவள். "அண்ணே, அண்ணன் மவுத்தாயிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு, அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தவளைப் போல, "எந்திரிக்கலண்ணே" என்றாள்.

அவன் போய்ச் சேரும்போது குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. யாரோ முகேஷின் தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிட்டார்கள். கூட்டத்தோடு நடந்தான். கபரஸ்தானில், "மூணு கைப்பிடி மண்ணு போடுப்பா" என்றார் ஒருவர். போட்டான். குழாயில் கையைக் கழுவினான். இனி பஸ்ஸில் அழுகை வரும் என்று ஜன்னலோரமாக உட்கார்ந்தான். ஊர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் படம் பார்ப்பதை விடவில்லை. அதிகமாகவே பார்த்தான். ஏழேகால் பஸ்ஸில் வழக்கம்போல் வந்து, கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் தியேட்டர் பக்கம் நடந்தான். காலைக் காட்சியில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். திரையில் தாய் செத்தாள், காதலி போனாள், நாய் ரயிலில் அடிபட்டது. எந்த இடத்தில் தனக்கு அழுகை வந்திருக்கும் என்பது அவனுக்கு மிகச் சரியாகத் தெரிந்தது. அந்த இடம் வரும், போகும். அவன் பாப்கார்ன் தின்றுகொண்டிருப்பான். சண்டைப் படங்களையும் பார்த்தான். சத்தம் காதோடு நின்றது.

பேகம்பூர்ப் பக்கம் மட்டும் போகவில்லை. நிஹாலின் அம்மா சைதூனின் கையால் அவன் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். "அந்தம்மாவப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்று பொன்னழகு வாராவாரம் சொன்னாள். போய் என்ன செய்வது? பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவாள். எதிரில் இவன் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பரீட்சை இருக்கிறது, பஸ் இல்லை என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டான்.

மாசி மாதம் அவன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு படப்பிடிப்பு வந்தது. காய்ந்த கண்மாய்க்கரையும் நாலு பனையும் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை மைக்செட் கடை மூக்கையா எடுத்திருந்தார். முகேஷைப் பார்த்ததும் பைக்கை நிறுத்தினார்.

"ஏலே, படம் படம்னு அலையுற பயதான நீ? நாளைக்குக் காலைல கம்மாக்கரைக்கு வந்துரு. சாவு வீட்டு சீனு. சும்மா நிக்கணும், அம்புட்டுத்தான்."

வேறொரு காலமாயிருந்தால் அவன் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டான். இப்போது, "சரிண்ணே" என்றான்.

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஓலைப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, உண்மையான சாவு வீடு போலவே செய்திருந்தார்கள். கதைப்படி செத்தது ஒரு இளைஞன். அந்த வேஷம் போட்ட பையன் பாடையில் மாலையும் மூக்கில் பஞ்சுமாகப் படுத்திருந்தான். "கட்" என்றதும் எழுந்து உட்கார்ந்து, பஞ்சை எடுக்காமலே டீ குடித்தான். போனைப் பார்த்துச் சிரித்தான். ஊர்ப் பெண்கள் அவனைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முகேஷ் திருப்பிக்கொள்ளவில்லை.

துணை இயக்குநர் சுகன்யா சென்னையிலிருந்து வந்தவள். கையில் அட்டையும் தலையில் தொப்பியுமாக ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள், இவன் முன்னால் நின்றாள்.

"உங்க பேரென்ன? காலேஜா? நீங்க முன்னாடி வாங்க. செத்தவனோட ஃப்ரெண்டு நீங்கதான். பாடைய எடுக்குறப்ப உங்க முகத்துக்கு ஒரு க்ளோஸப் இருக்கு. அழணும். அழுவீங்கள்ல?"

"பாக்குறேங்க" என்றான்.

பொழுது சாயும் நேரத்தில்தான் கேமரா அவனுக்கு மூன்றடி தூரத்தில் வந்து நின்றது. பாடையைத் தூக்கினார்கள். அவன் நின்றான். "கட்." மறுபடி தூக்கினார்கள். மறுபடி நின்றான். மூன்றாவது முறை சுகன்யா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் இறந்திருப்பாங்கல்ல? அவங்கள நெனச்சுக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லுவோம்."

அவன் நினைத்தான். உண்மையாகவே முயற்சி செய்தான். நிஹாலின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான். வந்தது முகமில்லை, நிஹாலின் பதிவெண். இருபத்திரண்டு பி.சி. நாற்பத்தொன்று. வருகைப் பதிவில் அந்த எண்ணை இப்போது கூப்பிடுவதில்லை என்பதும் நினைவு வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"முகம் அப்படியே கல்லு மாதிரி இருக்குய்யா. வெளிச்சம் போகுது, மருந்து போடுங்க" என்று தூரத்திலிருந்து இயக்குநர் கத்தினார்.

மேக்கப்காரர் ஒரு சின்னப் பாட்டிலோடு வந்தார். கிளிசரினை விரல் நுனியில் தொட்டு அவன் கண்ணுக்குக் கீழே தடவினார். "லேசா எரியும் தம்பி, கண்ணத் தேய்க்காத." எரிந்தது. மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூக்கும் ஒழுகியது. மூச்சுவிட வாயைத் திறந்தான். அது விம்முவதைப் போல இருந்திருக்க வேண்டும். பாடை கடந்து போனது. யாரும் "கட்" சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"சூப்பர்ங்க. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் சுகன்யா.

அப்போதுதான் கயிறு கட்டி ஊர்க்காரர்களை நிறுத்தியிருந்த பக்கம் ஒரு சலசலப்பு. கயிற்றைக் குனிந்து கடந்து ஒரு பெண் ஓடிவந்தாள். பொன்னழகு. காட்டு வேலை முடிந்து வேடிக்கை பார்க்க வந்தவள், தூரத்தில் நின்றிருந்தாள். மருந்து போட்டதை அவள் பார்க்கவில்லை. மகன் அழுததை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"எஞ்சாமி, அழுதுட்டியாடா" என்று அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் துடைத்தாள். "அழு, அழு, நல்லா அழு. இம்புட்டு நாளா இதத்தான கேட்டேன்." அவளுக்குத்தான் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. வெயிலில் காய்ந்த அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நடுங்கியது. கூலிக்கு அழ வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்து உண்மையாகவே அழ ஆரம்பித்தார்கள். முகேஷ் சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். சொல்லவில்லை.

அன்று வீட்டில் கோழி அடித்தார்கள். "எம்மகன் அழுதுட்டான்யா" என்று அவள் வேலுசாமியிடம் இரண்டு முறை சொன்னாள். வேலுசாமி மகனைப் பார்த்துவிட்டு, கறித்துண்டு ஒன்றைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைத்தார். முகேஷ் சாப்பிட்டான். கோழிக்கறி ருசியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பொன்னழகு ஒரு பையில் முருங்கைக்காயும் வறுத்த கடலையும் கட்டி வைத்தாள்.

"இப்பத்தான் மனசு எளகிருச்சுல்ல. நாளைக்குப் போய் அந்தம்மாவப் பாத்துட்டு வா. இதக் கொண்டுபோய்க் குடு."

இந்த முறை மறுக்க அவனிடம் காரணம் இல்லை.

பேகம்பூரில் அந்தச் சந்து மாறவில்லை. கதவைத் திறந்தது ருக்ஸார். இவனைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அம்மா, முகேஷ் அண்ணன்" என்றாள். சைதூன் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். மற்றபடி அதே முகம்.

"வாப்பா. ஒக்காரு. எளச்சுப் போய்ட்டியே" என்றார்.

அவன் இளைக்கவில்லை. மூன்று கிலோ கூடியிருந்தான். பையை நீட்டினான். அவர் முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தார். "பிஞ்சாத்தான் இருக்கு. ஓங்க தோட்டமா?" என்றார். "ஆமாம்மா." நாலு மாதமாக வராததற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. சொல்வதற்கு வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

"நான் நிஹாலுக்கு அழுகலம்மா."

சைதூன் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கும் அழுகல. இன்னிவரைக்கும் வரல. ஊர்ல சூட்டிங் வந்துச்சு. சாவு வீட்டு சீனு. அதுலயும் வரல. கண்ணுக்குக் கீழ மருந்து போட்டு அழுக வச்சாக. எங்கம்மா அதப் பாத்துட்டு நெசம்னு நெனச்சிருச்சு. அதான் இன்னைக்கு என்னய அனுப்பிச்சு. நெசமா அழுதிருந்தாத்தான் இங்க வரலாம்னு இருந்தேன். அதான் இம்புட்டு நாளா இந்தப் பக்கம் வரல."

சொல்லி முடித்தபோது தான் செய்தது எவ்வளவு பெரிய அசிங்கம் என்று அவனுக்குப் பட்டது. எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினான்.

"ஒக்காருப்பா" என்றார் சைதூன். கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "எனக்கும் வரல."

ருக்ஸார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மவுத்தான அன்னைக்கு வந்தவுக எல்லாம் என்ன சொன்னாக தெரியுமா? இவளப் பாரு, எம்புட்டு சபூர், அல்லா இவளுக்குப் பொறுமையக் குடுத்திருக்கான்னு சொன்னாக. பள்ளிவாசல்ல கூட இவரப் பிடிச்சு, ஒங்க வீட்டுல சபூர் உள்ள பொம்பளன்னு சொன்னாகளாம். சபூரும் இல்ல, ஒண்ணுமில்ல. வரல. அம்புட்டுத்தான். நானும் சோறாக்குறேன், திங்குறேன், தூங்குறேன். பெத்தவளுக்கு இப்படி இருக்குமான்னு யார்ட்டப் போய்க் கேக்க? புகழ்ந்துட்டுப் போறவுககிட்ட எப்படிச் சொல்ல?"

"என்ட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல" என்றாள் ருக்ஸார்.

"நீதான் அழுதுக்கிட்டே இருந்தியே. ஓங்கிட்ட எப்படிச் சொல்ல?"

முகேஷ் தன் நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தான். உள்ளே வந்ததிலிருந்து நுனியில்தான் உட்கார்ந்திருந்தான்.

சைதூன் கத்தியை எடுத்து முருங்கைக்காயை நறுக்கத் தொடங்கினார். "கடைசியா ரெண்டு பேரும் என்ன படம் பாத்தீக?" என்று கேட்டார்.

அவன் சொன்னான். அண்ணன் தம்பி இரண்டு பேர், லாரி ஓட்டுகிறவர்கள், ஒரு பெண்ணுக்காகப் பிரிகிறார்கள். கதை சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. நிஹால்தான் சொல்வான். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னான். தம்பி சாகிறான் என்பதைச் சொல்லிவிட்டு, அவன் எப்படிக் காதலித்தான் என்பதற்குத் திரும்பினான்.

"இருண்ணே, அவன்தான் செத்துட்டான்ல?" என்றாள் ருக்ஸார்.

"அது பின்னாடி. இது முன்னாடி."

"அப்ப முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?"

"சொல்ல விடு புள்ள" என்றார் சைதூன். "அப்பறம்? அந்தப் பொண்ணு யாரத்தான் கட்டுச்சு?"

"யாரையும் கட்டலம்மா. டீச்சராப் போயிருச்சு."

"நல்லதாப் போச்சு" என்றார் சைதூன். "அவன் என்ன சொன்னான் படத்தப் பத்தி?"

முகேஷ் யோசித்தான். "மழை பெஞ்சு பஸ் வராத அன்னைக்குப் பாக்குற படம்னு சொன்னான்மா. அன்னைக்கு மழையும் இல்ல, பஸ்ஸும் டயத்துக்கு வந்துருச்சு. அதனால படம் பாதிதான் பிடிச்சதுன்னான்."

சைதூனின் கத்தி நின்றது. சிரிக்கிறாரா என்று பார்த்தான். சிரிப்பில்லை. ஆனால் உதட்டின் ஓரம் கொஞ்சம் இழுபட்டது. பிறகு மறுபடி நறுக்கினார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு சேக் பரீது வந்தார். சட்டையில் உப்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை. ஞாயிற்றுக்கிழமையும் மண்டியில் கொஞ்ச நேரம் வேலையிருந்திருக்கிறது. முகேஷைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு, "சாப்டியாப்பா?" என்றார். "இல்லத்தா." அந்த வீட்டில் அவன் அவரை அப்படித்தான் கூப்பிடுவான். நாலு பேரும் சாப்பிட்டார்கள். முருங்கைக்காய் போட்ட தாளிச்சாவும் சோறும். யாரும் நிஹாலைப் பற்றிப் பேசவில்லை. கல்லூரி எப்படிப் போகிறது என்று அவர் கேட்டார். வருகைப்பதிவு குறைந்துவிட்டது, அறிவுச்செல்வி மேடம் இரண்டு முறை போன் செய்துவிட்டார், எடுக்கவில்லை என்று முகேஷ் உள்ளதைச் சொன்னான்.

"நாளைக்குப் போய் அந்தம்மாவப் பாரு" என்றார். "நானும் வேணும்னா வாரேன். அவன் சர்டிபிகேட் எல்லாம் அங்கதான் கெடக்கு. வாங்கப் போகல."

மறுநாள் காலை இருவரும் கல்லூரிக்குப் போனார்கள். அறிவுச்செல்வி நிஹாலின் சான்றிதழ்கள் இருந்த உறையை சேக் பரீதிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். முகேஷைப் பார்த்து, "இன்னிலருந்து ஒரு வகுப்பு விடக் கூடாது. விட்டா பரீட்சை எழுத முடியாது" என்றார். அவன் வகுப்புக்குப் போனான். அவன் எண்ணைக் கூப்பிட்டதும் இருக்கிறேன் என்று சொன்னான். பாடம் நடந்தது. பெரும்பாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் எழுதினான்.

அன்று சாயங்காலம் ஊரில், ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த பொன்னழகின் பக்கத்தில் போய் நின்றான்.

"அம்மா, அன்னைக்கு நான் அழுகல. மருந்து போட்டாக. கிளிசரின்னு."

அவள் கட்டுவதை நிறுத்தவில்லை. கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"தெரியும்" என்றாள். "மூக்கையா மறுநாளே சொல்லிட்டான்."

"அப்பறம் ஏன் என்னய அங்க அனுப்பின?"

"அந்தம்மா தனியா இருக்குமேன்னுதான்" என்றாள். "செத்த நேரம் அந்தத் தழக்கொம்பப் பிடி. குட்டி தழைய இழுக்குது."

அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் படம் இன்னும் வரவில்லை. முகேஷும் அழவில்லை. தியேட்டருக்குப் போவது குறைந்திருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பேகம்பூருக்குப் போகிறான். போனால் சைதூன் ஏதாவது ஒரு படத்தின் கதையைச் சொல்லச் சொல்கிறார். இன்னும் அவன் முடிவை முதலில்தான் சொல்கிறான். ருக்ஸார் திருத்துகிறாள்.